சிங்கி இறாலும் சோடா பாட்டிலும்

கிள்ளை, பிச்சாவரம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இறாலைப் பற்றி நான் சொல்லித்தர வேண்டியதில்லை. கழியில் இறங்கி, சேற்றைக் கையால் தடவியே இறாலும் நண்டும் பிடிக்கும் இருளர் மக்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் நீங்கள். ஆனால் சிங்கி இறால் வேறு ரகம். பெரும்பாலும் பாறை இடுக்கில்தான் குடியிருக்கும். பகலில் பதுங்கி, இரவில் இரை தேடும். விலையோ மிக அதிகம். அதனால்தான் அதைத் தேடி மனிதர்கள் ஆழத்துக்குப் போகிறார்கள்.

அப்படிப் போனவர்களின் வழக்கு ஒன்றில் 2021ம் ஆண்டு ஒரு தீர்ப்பு வந்தது. மத்திய அமெரிக்காவில் ஹோண்டுராஸ் என்றொரு நாடு. அங்கே மிஸ்கிட்டோ என்ற பழங்குடி மக்கள், முதுகில் காற்று உருளையைக் கட்டிக்கொண்டு சிங்கி இறால் பிடிக்கிறார்கள். பிடிபடுவதில் பெரும்பகுதி அமெரிக்காவுக்கு ஏற்றுமதியாகிறது. அமெரிக்க நாடுகளுக்கான மனித உரிமை நீதிமன்றத்தில் 42 பேருக்காக வழக்கு நடந்தது. அவர்களில் 34 பேர் ஆழத்தில் மூழ்கியதால் பாதிக்கப்பட்டவர்கள். சிலர் இறந்துபோனார்கள், சிலருக்குக் கை கால் விளங்கவில்லை. படகு முதலாளிகளைக் கண்காணிக்காத அரசும் பொறுப்பு என்றது நீதிமன்றம். பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு மருத்துவம், வீடு, கல்வி உதவி தர அரசு ஒப்புக்கொண்டது.

தண்ணீரில் மூழ்கினால் கால் ஏன் விளங்காமல் போக வேண்டும்?

ஒரு சோடா பாட்டிலை எடுத்துக்கொள்ளுங்கள். மூடியிருக்கும்வரை உள்ளே குமிழியே தெரியாது. திறந்த உடனே 'புஸ்' என்று பொங்குகிறது. அழுத்தத்தில் கரைந்திருந்த வாயு, அழுத்தம் குறைந்ததும் வெளியே வருகிறது, அவ்வளவுதான். கடலில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு மடங்கு அழுத்தம் கூடும். 30 மீட்டரில், கரையில் இருப்பதைப்போல் 4 மடங்கு! அங்கே உருளைக் காற்றைச் சுவாசித்தால், அதிலுள்ள நைட்ரஜன் ரத்தத்திலும் தசையிலும் கரைந்துகொண்டே போகும். மெதுவாக மேலே வந்தால் மூச்சு வழியாக வெளியேறிவிடும். அவசரமாக வந்தால், பாட்டிலைத் திறந்த கதைதான். மூட்டில் குமிழி வந்தால் வலி. முதுகுத் தண்டில் வந்தால் முடக்கம்.

இதற்கு ஒரு கணக்குப் போட்டுத் தந்தவர் பிரிட்டனைச் சேர்ந்த ஹால்டேன் என்ற விஞ்ஞானி. ஆடுகளை அழுத்த அறையில் வைத்துச் சோதித்து, படிப்படியாக நின்று நின்று மேலேறும் அட்டவணையை 1908ல் வெளியிட்டார். நூறு ஆண்டுக்கு மேலாகத் தெரிந்த விஷயம் இது. பிறகு ஏன் மிஸ்கிட்டோ மக்கள் முடமானார்கள்? கூலி, பிடித்த இறாலின் எடைக்குத்தான். ஆழம் குறைந்த இடத்தில் இறால் தீர்ந்துபோக, இன்னும் ஆழம் போனார்கள். ஒரே நாளில் பத்துக்கும் மேற்பட்ட உருளைகளைக் காலி செய்தவர்களும் உண்டு. ஆழம் காட்டும் கருவி இல்லை, பயிற்சியும் இல்லை. இதைத் தற்செயலான விபத்து என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நம் தூத்துக்குடியில் சங்கு குளிப்பது பழங்காலத் தொழிலாயிற்றே என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. அந்தக் காலத்தில் மூச்சை அடக்கி முங்கினார்கள். மேலே இழுத்த காற்று ஆழத்தில் சுருங்கி, மேலே வரும்போது பழைய அளவுக்கே விரியும். ஆகவே நுரையீரல் கிழியாது. நீருக்கடியில் சுவாசித்த காற்று அப்படியல்ல. 10 மீட்டர் ஆழத்தில் நெஞ்சு நிறைய இழுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு மேலே வந்தால் அது இரண்டு மடங்காகிவிடும். பலூன் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும்! உருளையோடு மூழ்குபவர் மூச்சை ஒருபோதும் அடக்கக் கூடாது என்பது இதனால்தான். தூத்துக்குடிப் பக்கம் சில படகுகளில் கம்பிரசர் வைத்து, குழாய் வழியாகவும் காற்று அனுப்புகிறார்கள். அதில் இன்னொரு ஆபத்து: எஞ்சின் புகை காற்றோடு கலந்தால் உள்ளே போவது விஷம்.

முறையாகப் பயின்றவர்கள் துணையில்லாமல் இறங்குவதில்லை. நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேல் வேகமாக ஏறுவதில்லை. 5 மீட்டர் ஆழத்தில் 3 நிமிடம் நின்றுவிட்டு வருகிறார்கள். இறால் கையில் சிக்கும் நேரத்திலும் காற்று மீட்டரைப் பார்க்கிறார்கள். அது கஷ்டம்தான், பாறைக்குள் பத்து இறால் தெரிந்தால் யாருக்குத்தான் திரும்ப மனசு வரும்?

மூழ்காமலே பிடிக்கவும் வழி உண்டு. கன்னியாகுமரி மாவட்டத்தில் கூண்டு வைத்துச் சிங்கி இறால் பிடிப்பார்கள். குஞ்சு இறாலைக் காப்பாற்றவும் விதி இருக்கிறது: பாறைச் சிங்கி இறாலில் ஒரு வகையை 200 கிராமுக்குக் குறைந்தால் ஏற்றுமதி செய்யக் கூடாது என்று மத்திய அரசு 2003ல் அறிவித்தது. ஆழம் குறைந்த இடத்திலேயே இறால் இருந்தால், யாரும் 30 மீட்டருக்குப் போக வேண்டியதில்லையே!

உங்கள் வீட்டிலோ தெருவிலோ யாராவது இப்படிக் கடலில் மூழ்கும் வேலைக்குப் போகிறார்களா? கரைக்கு வந்தபின் மூட்டு வலி, மரத்துப்போதல், தலைசுற்றல் என்று சொன்னால், வாயுப் பிடிப்பு என்று தைலம் தேய்த்துவிட்டு இருக்க வேண்டாம். வலி போக மறுபடி கடலில் இறங்கிப் பார்ப்பதும் ஆபத்து. படுக்க வைத்து, ஆக்சிஜன் கொடுக்கும் வசதியுள்ள ஆஸ்பத்திரிக்கு உடனே கொண்டுபோகச் சொல்லுங்கள். எத்தனை மீட்டர் ஆழம், எவ்வளவு நேரம், எத்தனை முறை என்று டாக்டரிடம் சொல்ல வேண்டும். அவர் கேட்காவிட்டாலும்.