டிவி கொடுத்தார்கள், மேட்ச் கொடுக்கவில்லை



பதிவு கொஞ்சம் நீளம். வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து மணியைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் இரண்டு தவணையாகப் படித்துக்கொள்ளலாம்.

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் என் தம்பி மகன் ஒரு கேள்வி கேட்டான். "மொபைலில் 149 ரூபாய் கட்டினால் மூன்று மாதம் கிரிக்கெட் பார்க்கலாம். இதற்குப் போய் பெரியப்பா ஏன் இவ்வளவு கோபப்படுகிறார்?" குழுவில் பாதிப் பேர் சிரிக்கிற பொம்மை போட்டார்கள். பதிலை அங்கே எழுதினால் பிறந்தநாள் வாழ்த்துகளுக்கு நடுவில் காணாமல் போய்விடும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். என் கோபம் ஐ.பி.எல். பற்றியது அல்ல. அது வியாபாரம். 2023 முதல் 2027 வரையிலான அதன் ஒளிபரப்பு உரிமை 48,390 கோடி ரூபாய்க்குப் போனது. வாங்கியவர்கள் போட்ட பணத்தை எடுக்கத்தான் செய்வார்கள். என் வழக்கு இந்திய அணி ஆடும் ஆட்டங்களைப் பற்றியது. அவற்றைச் சாதாரண மக்கள் காசில்லாமல் பார்க்க வேண்டும் என்று இந்த நாட்டில் ஒரு சட்டமே இருக்கிறது. 2007-இல் வந்த சட்டம். தேசிய முக்கியத்துவம் வாய்ந்த விளையாட்டுகளின் சிக்னலை, உரிமை வாங்கிய தனியார் நிறுவனம் பிரசார் பாரதியோடு பகிர்ந்துகொள்ள வேண்டும். எதற்காக? மிக அதிகமான மக்கள் இலவசமாகப் பார்ப்பதற்காக. சட்டத்தின் நோக்கமாக அதில் எழுதியிருப்பதே இதுதான்.

அந்தச் சட்டம் சும்மா வரவில்லை. 2007 தொடக்கத்தில் மேற்கிந்தியத் தீவுகள் அணி இங்கே ஆட வந்தது. உரிமை வாங்கிய நிறுவனத்துக்கும் தூர்தர்ஷனுக்கும் தகராறு. விஷயம் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போய், ஏழு நிமிடம் தாமதமாகக் காட்டிக்கொள்ளலாம் என்று ஆனது. ஏழு நிமிடத்தில் ஒரு ஓவர் முடிந்து அடுத்த ஓவரே பாதி போய்விடும்! நாடே கொதித்தது. உடனே அவசரச் சட்டம், பிறகு நாடாளுமன்றத்தில் முழுச் சட்டம்.

சரி, சட்டம் இருக்கிறதே, பிறகென்ன என்று கேட்பீர்கள். இனிமேல்தான் கதை.

அந்தச் சட்டத்தின் 3-ஆம் பிரிவில், பிரசார் பாரதி தன்னுடைய தரைவழி ஒளிபரப்பிலும் தன்னுடைய டிஷ் சேவையிலும் காட்டுவதற்காக என்றுதான் எழுதியிருக்கிறது. பிரசார் பாரதி காட்டும் வழிகளில் கேபிளை அங்கே சேர்க்கவில்லை. ஆனால் ஊரில் எல்லார் வீட்டிலும் இருப்பது கேபிள். தூர்தர்ஷனைக் கட்டாயம் காட்ட வேண்டும் என்று கேபிள்காரருக்கு வேறொரு சட்டம் சொல்வதால், மேட்ச்சும் அப்படியே கேபிள் வழியாக வந்துகொண்டிருந்தது. தனியார் சேனலும் கிரிக்கெட் வாரியமும் வழக்குப் போட்டார்கள். 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: பகிர்ந்த சிக்னல் தூர்தர்ஷனின் ஆன்டெனாவுக்கும் அதன் சொந்த டிஷ்ஷுக்கும் மட்டுமே; கேபிளுக்கும் தனியார் டிஷ்ஷுக்கும் போகக் கூடாது. நான் நீதிபதிகளைக் குறை சொல்லவில்லை. சட்டத்தின் வாசகம் அப்படி இருக்கிறது. அதைத் திருத்த வேண்டியவர்கள் நாடாளுமன்றத்தில் இருக்கிறார்கள்.

தீர்ப்பு இரண்டு வழிகளைத் திறந்து வைத்தது அல்லவா? அதில் ஒரு வழியை அரசே அடைத்துவிட்டது. தரைவழி ஒளிபரப்புக் கோபுரங்கள் காலாவதியாகிவிட்டன என்று சொல்லி, அடுத்த நான்கைந்து ஆண்டுகளில் நாடு முழுக்க ஒவ்வொன்றாக நிறுத்தினார்கள். எல்லைப்புறம் போன்ற சில இடங்களில் மட்டும் விட்டுவைத்தார்கள். எங்கள் தேனி, மதுரைப் பக்கத்து ஆட்களுக்குக் கொடைக்கானல் கோபுரம் என்றால் தெரியும். மொட்டை மாடியில் மூங்கிலில் ஆன்டெனாவைக் கட்டி, "இப்ப தெரியுதா, இப்ப தெரியுதா" என்று கத்திய தலைமுறை நாம். பஞ்சாயத்து டிவி அறை வாசலில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு ஊரே நின்று பார்க்கும். கபில்தேவைப் போல ஓடி வந்து பந்து போட முயன்று கால் இடறி விழாத பையன் என் பள்ளிக்கூடத்தில் கிடையாது. அவர்களுக்குக் கோச் கிடையாது, கிட் கிடையாது. பார்த்துக் கற்றதுதான். (நான் உடற்கல்வி ஆசிரியர் இல்லை. ஆனால் இடைநிலை ஆசிரியர் என்றால் கணக்கும் அவர்தான், விசிலும் அவர்தான் என்பது உங்களுக்கே தெரியும்.)

மிச்சம் இருப்பது தூர்தர்ஷனின் ஃப்ரீ டிஷ். மாதக் கட்டணம் இல்லை, நல்ல திட்டம். வடக்கே வீட்டுக்கு வீடு இருக்கிறது. நம் பக்கம் ஏன் இல்லை? அதில் தமிழ்ச் சேனல்கள் மிகக் குறைவு. சீரியலும் செய்தியும் பாட்டும் வேண்டும் என்கிற வீடு கேபிளைத்தான் வைத்துக்கொள்ளும். ஒரு மேட்ச்சுக்காக இன்னொரு டிஷ் வாங்கிக் கூரையில் மாட்ட யார் தயார்? ஆக, சட்டம் டெல்லியில் இருக்கிறது, சிக்னல் வானத்தில் இருக்கிறது, நம் வீட்டு டிவியில் ஆட்டம் இல்லை.

2006-க்குப் பிறகு நம் மாநிலத்தில் வீட்டுக்கு வீடு வண்ணத் தொலைக்காட்சி கொடுத்தார்கள். 2011-இல் அரசு கேபிளை 70 ரூபாய்க்குக் கொண்டுவந்தார்கள். இரண்டு கட்சி ஆட்சியிலும் நடந்தவை, இரண்டையும் நான் பாராட்டுகிறேன். அந்தப் பெட்டியும் அந்த ஒயரும் இருக்கிற வீட்டில் டிடி எண்ணை அழுத்தினால் இந்தியா ஆடும் மேட்ச் வராது என்றால் இது என்ன நியாயம்?

இப்போது மறுதரப்பு. "கோடிகள் கொட்டி வாங்கியதைக் கேபிளிலும் இலவசமாகக் காட்டினால் யார் எங்கள் சேனலுக்குக் காசு கட்டுவார்கள்?" என்று நிறுவனங்கள் கேட்கின்றன. கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் அதே சட்டத்தைப் படியுங்கள். தூர்தர்ஷன் அந்த ஆட்டத்தில் எடுக்கும் விளம்பர வருமானத்தில் நூற்றுக்கு 75-க்குக் குறையாமல் உரிமையாளருக்கே போகிறது. கேபிளிலும் காட்டினால் பார்ப்பவர் கூடுவார்கள், விளம்பரமும் கூடும், அந்த 75-உம் கூடும். அப்படியும் நஷ்டம் வந்தால் அடுத்த ஏலத்தில் குறைவாகக் கேட்கட்டும். அதனால் வாரியம் ஒன்றும் ரேஷன் கடை வரிசையில் வந்து நிற்கப் போவதில்லை.

தூர்தர்ஷனுக்கும் நான் வக்காலத்து வாங்கவில்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில், மேட்ச் காட்ட வேண்டுமானால் வாரியம்தான் தங்களுக்குப் பணம் தர வேண்டும் என்று கேட்ட நிறுவனம் அது. 1993 ஹீரோ கோப்பைச் சண்டை உச்ச நீதிமன்றம் வரை போய், 1995-இல் "அலைவரிசை பொதுச் சொத்து, அரசின் ஏகபோகம் அல்ல" என்று தீர்ப்பு வந்தது. அருமையான தீர்ப்பு. ஆனால் பொதுச் சொத்து என்றால் அரசுக்கு மட்டும் சொந்தமில்லை என்பது போலவே, அதிக விலை கேட்டவருக்கு மட்டும் சொந்தமில்லை என்பதும் அதில் அடக்கம்தானே? முதல் பாதியை மட்டும் எல்லாரும் மனப்பாடம் செய்துவிட்டார்கள்.

இங்கிலாந்தில் இதை ஏற்கெனவே செய்து பார்த்துவிட்டார்கள். 2005 ஆஷஸ் தொடரை இலவசச் சேனலான சேனல் 4 காட்டியது. உச்சத்தில் 84 லட்சம் பேர் பார்த்தார்கள். அடுத்த ஆண்டே உரிமை கட்டணச் சேனலான ஸ்கைக்குப் போனது. 2009-இல் அதே ஆஷஸை இங்கிலாந்து அதே சொந்த மண்ணில் வென்றபோது, உச்சத்தில் பார்த்தவர்கள் 20 லட்சத்தைக்கூடத் தொடவில்லை. வாரியத்துக்குப் பணம் வந்தது, தெருவில் ஆட்டம் போனது. 2019 உலகக் கோப்பை இறுதிக்கு இங்கிலாந்து வந்ததும், இதைக்கூட ஊர் பார்க்காவிட்டால் எப்படி என்று அன்றைக்கு மட்டும் இலவசமாகத் திறந்துவிட்டார்கள்.

"ஜியோசினிமா இலவசமாகத்தானே காட்டியது" என்று இன்னொரு மருமகன் கேட்டார். காட்டியது. 2022 கால்பந்து உலகக் கோப்பை, 2023 ஐ.பி.எல். இரண்டும் இலவசம். பிறகு இரண்டு பெரிய நிறுவனங்கள் ஒன்றாயின. 2025 பிப்ரவரியில் ஜியோஹாட்ஸ்டார் வந்தது. அந்த ஆண்டு ஐ.பி.எல்.லில் கொஞ்ச நேரம் காட்டிவிட்டு, மீதிக்குச் சந்தா கட்டு என்றார்கள். போட்டி இருந்தபோது கொடுத்ததைப் போட்டியாளர் போனதும் எடுத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். சட்டம் தருகிற உரிமையை அப்படி எடுக்க முடியாது. தவிர, 149 ரூபாயோடு ஒரு ஸ்மார்ட்போன், டேட்டா, தடையில்லாத டவர் இத்தனையும் சேர்த்துக் கணக்குப் போடு தம்பி. ஒரு போனை நாலு பேர் எட்டிப் பார்க்கிற வீட்டையும் அந்தக் கணக்கில் சேர்.

உள்ளூர் நிலையங்களால் இது முடியாது என்றும் சொல்லாதீர்கள். 2023-இல் இந்திய அணி மேற்கிந்தியத் தீவுகளுக்குப் போனபோது பொதிகையில் தமிழ் வர்ணனையோடு ஆட்டம் வந்தது. இன்று அதற்கு டிடி தமிழ் என்று புதுப் பெயர், புதுப் பொலிவு. ஆண்டு முழுக்க ஆட்டம் இருந்தால் அந்த நிலையத்துக்குப் பார்வையாளர் வருவார்கள், விளம்பரம் வரும். வர்ணனைக்கு நம் பிள்ளைகள் நாலு பேருக்கு வேலையும் வரும். சாத்தான்குளம் அப்துல் ஜப்பாரின் குரலை வானொலியில் கேட்டு வளர்ந்தவர்களுக்கு, தமிழில் ஆட்டம் சொல்ல ஆள் கிடைக்காது என்ற சாக்கு எடுபடாது.

தீர்வு ஒன்றும் சந்திரனுக்குப் போகிற வேலை அல்ல. 3-ஆம் பிரிவில் கேபிளையும் மற்ற டிஷ்களையும் சேர்த்தால் போதும். 2018 அக்டோபரில் மத்திய அரசே இப்படியொரு திருத்த வரைவை வெளியிட்டு மக்களிடம் கருத்துக் கேட்டது. கருத்துக் கேட்டதோடு சரி. நம் எம்.பி.க்கள் யாரும் அதை விடாமல் பிடித்துக்கொண்டதாக எனக்குத் தெரியவில்லை. கட்சி வித்தியாசம் இல்லாமல் எல்லாரையும்தான் சொல்கிறேன்.

எங்கள் தொகுதி எம்.பி.க்கு இரண்டு பக்கத்தில் கடிதம் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். உங்களில் வக்கீல்கள் ஐந்தாறு பேராவது இருக்கிறீர்கள், பத்திரிகையில் இரண்டு பேர் இருக்கிறீர்கள். அந்தச் சட்டம் மொத்தமே சில பக்கங்கள்தான். படித்துவிட்டு, அவரவர் தொகுதி எம்.பி.க்கு ஒரு கடிதம் எழுதுங்கள். என் கடிதத்தின் நகல் வேண்டுபவர்கள் இன்பாக்ஸில் கேட்டால் அனுப்புகிறேன். அப்படியே காப்பி அடிக்காதீர்கள், எனக்குத் தெரிந்துவிடும்.