குற்றவாளிக் கூண்டில் நின்றது யார்?

இங்கிலாந்தின் தென்மேற்கே டார்செட் என்றொரு வட்டாரம் உண்டு. வயலும் மேய்ச்சல் நிலமும் ஆட்டு மந்தையும் நிறைந்த நாட்டுப்புறம். அதன் தலைநகர் டார்செஸ்டர். அங்கே 1797-ஆம் ஆண்டு எழுப்பப்பட்ட வழக்குமன்றம் ஒன்று இருக்கிறது. ஷயர் ஹால் என்று பெயர். 1955 வரை அங்கே வழக்குகள் நடந்தன. இன்று அந்த மன்றத்துக்கு நீதிபதி வருவதில்லை, வழக்கறிஞர் வருவதில்லை, கைதியும் வருவதில்லை. பள்ளிப் பிள்ளைகள் வருகிறார்கள், பாட்டாளிகள் வருகிறார்கள், ஊர் பார்க்கப் புறப்பட்டவர்கள் வருகிறார்கள். 2018-ஆம் ஆண்டிலிருந்து அது வரலாற்றுக் காட்சிச்சாலை!

காட்சிச்சாலை என்றதும் மன்னனின் மகுடமும் மாவீரனின் வாளும் இருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள், தோழர்களே! அங்கே இருப்பது நீதிபதியின் உயர்ந்த ஆசனம், அதற்கு எதிரே ஒரு குற்றவாளிக் கூண்டு, கீழே கைதிகளை அடைத்து வைத்த அறைகள். பழைய கோலம் கலையாமல் காத்து வைத்திருக்கிறார்கள். வந்தவர்கள் அந்தக் கூண்டிலே ஏறி நின்று பார்க்கிறார்கள். எதற்காக? 1834-இல் ஆறு உழவுக் கூலிகள் நின்ற இடம் அது என்பதற்காக!

யார் அந்த அறுவர்? டார்செஸ்டருக்கு ஏழு மைல் தொலைவிலே டோல்படில் என்ற சிற்றூர். அங்கே ஏர் பிடித்து வாழ்ந்தவர்கள். ஜார்ஜ் லவ்லெஸ், அவர் தம்பி ஜேம்ஸ் லவ்லெஸ், தாமஸ் ஸ்டான்ட்ஃபீல்டு, அவர் மகன் ஜான், ஜேம்ஸ் ஹாமெட், ஜேம்ஸ் பிரைன். கொலை செய்தார்களா? இல்லை. கொள்ளை அடித்தார்களா? இல்லை. 1830-இல் வயிறு எரிந்த உழவர்கள் கதிரடிக்கும் இயந்திரங்களை உடைத்தார்கள், வைக்கோற்போருக்குத் தீ வைத்தார்கள். 1831 ஜனவரியில் அவர்களை விசாரித்ததும் இதே மன்றந்தான். ஆனால் டோல்படில் அறுவர் எதையும் உடைக்கவில்லை, எதையும் கொளுத்தவில்லை. கூலி கேட்டார்கள்!

வாரத்துக்கு 9 ஷில்லிங் கூலி. அதை 8 ஆக்கினார்கள். பிறகு 7 ஆக்கினார்கள். இனி 6 தான் என்றார்கள். பெண்டு பிள்ளைகளோடு வாழ்கிறவன் அந்தக் காசிலே எதைத் தின்பான், எதை உடுப்பான்? தனித்தனியே கேட்டால் விரட்டுகிறார்கள், சேர்ந்து கேட்போம் என்று 1833-இல் சங்கம் கண்டார்கள்.

சங்கம் வைப்பது அப்போது சட்ட விரோதமா? அல்லவே அல்ல! சங்கங்களைத் தடுத்த சட்டம் 1824-லேயே நீக்கப்பட்டுவிட்டது. நிலப்பிரபுவும் மாஜிஸ்திரேட்டுமான ஜேம்ஸ் பிராம்ப்டனுக்கு அது தெரியாதா? தெரியும். தெரிந்ததனால்தான் உள்நாட்டு அமைச்சர் மெல்பர்ன் பிரபுவுக்குக் கடிதம் எழுதினார். இருவரும் சேர்ந்து வேறொரு சட்டத்தைத் தேடிப் பிடித்தார்கள். கப்பற்படையிலே கலகம் செய்த மாலுமிகளுக்காக 1797-இல் இயற்றிய சட்டம் அது. இரகசியப் பிரமாணம் செய்விப்பது குற்றம் என்றது அந்தச் சட்டம். மன்றம் எழுந்ததும் 1797, சட்டம் பிறந்ததும் 1797! சங்கத்தில் சேர வந்தவனின் கண்ணைக் கட்டி, எலும்புக்கூட்டுப் படத்தின் முன்னே நிறுத்தி, காட்டிக் கொடுக்க மாட்டேன் என்று உறுதி வாங்குவது அந்நாள் வழக்கம். அது போதுமே! சங்கம் குற்றமில்லையாம், சத்தியம் குற்றமாம்! படைக் கலகத்துக்குச் செய்த விலங்கைப் பசித்தவன் கையிலே பூட்டினார்கள்.

1834 பிப்ரவரி 24-ஆம் நாள் காலையிலே கைது. ஏழு மைலும் நடத்தியே கொண்டு போனார்கள். மார்ச்சில் விசாரணை. வழக்கை ஏற்கலாமா என்று தீர்மானிக்கும் பெரிய ஜூரியிலே யார் யார் இருந்தார்கள் என்று எண்ணுகிறீர்கள்? நிலச்சுவான்தார்கள்! கைது செய்வித்த பிராம்ப்டனும் அவர்களில் ஒருவர்! நீதிபதி ஜான் வில்லியம்ஸ் தீர்ப்பளித்தார். ஆறு பேருக்கும் ஏழாண்டுத் தீவாந்தர தண்டனை. மற்றவர்களுக்குப் பாடமாக இருக்கட்டும் என்பதே அதன் நோக்கம். ஜார்ஜ் லவ்லெஸை இன்று டாஸ்மேனியா எனப்படும் தீவுக்கும், மற்ற ஐவரை ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்சுக்கும் கப்பலேற்றினார்கள்.

ஊரிலே குடும்பங்கள் பட்டினி. ஏழைகளுக்குத் தரும் உதவியையும் மறுத்தார்கள். சங்கத்துக்குச் சந்தா கட்டத் தெரிந்தவனுக்கு உதவி எதற்கு என்பது அந்தக் கனவான்களின் வாதம்! அப்போதுதான் நாட்டின் நாலா திசையிலும் இருந்த தொழிலாளர் காசு திரட்டி அந்தக் குடும்பங்களுக்குச் சோறிட்டார்கள். 1834 ஏப்ரல் 21-இல் லண்டனிலே பல்லாயிரவர் அணிவகுத்தார்கள். மனுவிலே 8 இலட்சம் பேர் கையொப்பமிட்டார்கள் என்று கணக்குச் சொல்வார்கள். கூட்டத்தோடு வந்த மனுவை வாங்க மாட்டேன் என்றார் மெல்பர்ன். வாங்க மறுத்த அரசே 1836-இல் அறுவருக்கும் முழு மன்னிப்பு வழங்கியது. குற்றம் செய்யாதவனுக்கு மன்னிப்பு! அதுவும் ஆள்வோர் மொழிதான். 1837 முதல் 1839-க்குள் அவர்கள் ஊர் திரும்பினார்கள்.

எங்கோ இங்கிலாந்தில் நடந்தது நமக்கெதற்கு என்று கேட்கலாம். அந்த நாட்டுச் சட்டந்தானே நம் நாட்டையும் ஆண்டது? 1918-இல் பி.பி. வாடியாவும் திரு.வி.க.வும் முன்னின்று சென்னைத் தொழிலாளர் சங்கம் கண்டபோது, சங்கத்துக்கென்று இந்நாட்டிலே காவல் எதுவும் கிடையாது. பின்னி ஆலை முதலாளிகள் உயர்நீதிமன்றம் ஏறினார்கள். வேலை ஒப்பந்தத்தை மீறும்படி தொழிலாளரைத் தூண்டுகிறார் என்று சொல்லி வாடியாவுக்கும் மற்றவர்களுக்கும் எதிராகத் தடையாணை பெற்றார்கள். 1926-இல் தொழிற்சங்கச் சட்டம் வந்த பிறகே சங்கத்துக்குக் கவசம் கிடைத்தது. டார்செஸ்டர் கூண்டின் நிழல் சென்னைக் கடற்கரை வரையில் நீண்டது, தோழர்களே!

அநீதி நடந்த மன்றத்தை ஏன் காக்க வேண்டும், இடித்துத் தள்ளினால் என்ன என்று கேட்போர் உண்டு. இடித்துவிட்டால் யாருக்கு இலாபம்? தீர்ப்புச் சொன்னவனுக்கு இலாபம்! அநீதியின் தடயம் அழிந்தால் அநீதியே நடக்கவில்லை என்று எழுத ஆள் கிடைக்கும். கூண்டு இருக்கும் வரையில் அப்படி எழுத முடியாது. அங்கே ஏறி நிற்கும் சிறுவன் எதிரே இருக்கும் உயரமான ஆசனத்தைப் பார்க்கிறான். ஏழை ஒருவன் அங்கே நின்று பேசுவது எத்தனை கடினம் என்பது அவனுக்கு நொடியிலே புரிகிறது. நூறு ஏடுகள் சொல்வதை அந்த மரக் கூண்டு சொல்லிவிடுகிறது.

ஆனால், கூண்டைக் காத்தால் மட்டும் கடன் தீர்ந்ததா? இங்கேதான் நெஞ்சைச் சுடும் செய்தி ஒன்று இருக்கிறது. திரும்பி வந்த அறுவரில் ஐவர் பின்னர் கனடாவிலே குடியேறினார்கள். ஜேம்ஸ் ஹாமெட் ஒருவர்தான் டோல்படிலில் நிலைத்தார். உழைத்தார், முதுமை வந்தது. 1891-இல் அவர் இறந்தது எங்கே? அதே டார்செஸ்டரின் ஏழைகள் விடுதியில்! அவரைக் கூண்டிலே ஏற்றிய ஊர், கடைசியில் அவருக்குத் தந்த இடம் அதுதான். அவருடைய கல்லறைக்கு ஒரு கல் நட 1934 வரையில் ஆயிற்று.

1934-இல், நூறாண்டு நிறைவின்போது, பிரிட்டிஷ் தொழிற்சங்கக் காங்கிரஸ் வெறும் கல்லோடு நிற்கவில்லை. டோல்படிலில் ஆறு வீடுகளைக் கட்டியது. வயதான உழவுத் தொழிலாளர் குடியிருப்பதற்காக! ஹாமெட்டுக்குக் கிடைக்காத கூரை, அவர் பெயரால் இன்னொரு கிழவனுக்குக் கிடைத்தது. சங்கத்துக்காரனுக்கு நினைவுச் சின்னம் என்றால் அதுவல்லவா நினைவுச் சின்னம்!

கூண்டும் வேண்டும், கூரையும் வேண்டும். கூண்டு மறதிக்கு மருந்து, கூரை நன்றிக்குச் சான்று. முன்னதை மட்டும் செய்தால் இறந்தவனுக்கு மாலை போட்டு, இருப்பவனைப் பட்டினி போட்டதாகும்.

உங்கள் ஊர்ச் சங்கத்திலும் ஒருவர் இருப்பார். கொடி பிடித்துத் தோள் தேய்ந்தவர், வேலை நிறுத்தத்தில் வேலை இழந்தவர், சிறைக்கும் போய் வந்தவர். இன்று கூட்டத்துக்கு வந்தால் கடைசி வரிசையிலே உட்கார்ந்து இருமிக்கொண்டிருப்பார். அவருக்கு ஆளுயரப் படம் திறக்கும் நாள் ஒன்று வரும், திறப்போம். அதற்கு முன்னால், இந்த ஞாயிற்றுக்கிழமையே அவர் வீட்டுக்குப் போங்கள். அடுப்பு எரிகிறதா, மழைக்குக் கூரை ஒழுகாமல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாருங்கள், தோழர்களே!