முதலில் ஒயரைப் பாருங்கள்

விஆர் ஹெட்செட் கம்ப்யூட்டரோடு இணையவில்லை என்றதும் விண்டோஸை அழித்துப் புதிதாகப் போடச் சொல்லும் வழக்கம் கோவையில் ஒழிய வேண்டும். கிணற்று மோட்டார் ஓடாவிட்டால் முதலில் பீஸ்கட்டையைப் பார்க்கிற ஊர் இது. இங்கேயும் ஒயர்தான் முதல் சந்தேகம். சார்ஜ் ஏற்றும் கேபிள்கள் பலவும் யுஎஸ்பி 2.0 வகை, வேகம் நொடிக்கு 480 மெகாபிட்தான். 3.0 வகையில் அது 5 கிகாபிட், பத்து மடங்கு! 3.0 கேபிளை வாங்கி, கேபினட்டின் பின்பக்கம் மதர்போர்டிலேயே நேராகச் செருகுங்கள். ஒயரில்லாமல் ஆடுவோர் கம்ப்யூட்டரை ரவுட்டரோடு லேன் ஒயரால் இணைத்து, ஹெட்செட்டுக்கு 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை கொடுக்க வேண்டும். ஹெட்செட்டை விற்கும்போதே இவற்றைச் செய்து காட்டுவது காந்திபுரம் கடைக்காரர்களின் கடமை. பிள்ளைக்காகச் சேமிப்பை எடுத்து வந்த பெற்றோரிடம், கேபிளைச் சோதிக்காமலே கிராபிக்ஸ் கார்டை மாற்றச் சொல்வது அநியாயம்.