சோலைவாசியின் குலமும் பெயரும்

ஒரு பறவையை எந்தப் பேரினத்தில் வைப்பது என்பது, நூலகத்தில் ஒரு நூலை எந்த அடுக்கில் வைப்பது என்பதைப் போன்ற சில்லறை விவகாரமாக நமக்குத் தோன்றலாம். மேற்குத் தொடர்ச்சி மலையின் சோலைக்காடுகளில், ஓடைக்கரைப் புதர்களின் நிழலில் தத்தித் திரியும் ஒரு சிறு நீலப்பறவையின் கதை அவ்வெண்ணத்தைக் கலைத்துவிடும்.

1840களில் தாமஸ் ஜெர்டன் நீலகிரிப் பறவையை முதலில் விவரித்தார். 1868இல் பிளான்ஃபோர்ட் பழனி மலையின் வெள்ளை வயிற்றுப் பறவைக்குப் பெயரிட்டார். பின்னர் இவ்விரண்டும் நெடுங்காலம் பிராக்கிப்டெரிக்ஸ் என்னும் குட்டைச்சிறகுப் பறவைகளோடு வைக்கப்பட்டன. 2005இல் மயோமெலா பேரினத்துக்கு மாற்றப்பட்டன. நீண்ட கால், குறுகிய சிறகு, தரையோர வாழ்க்கை ஆகிய புறச்சாயல்களே குலத்தைத் தீர்மானித்தன. வாழ்முறை ஒத்திருந்தால் உருவமும் ஒத்துப்போகும், உறவு இருந்தாக வேண்டியதில்லை என்பதை நாம் மறந்திருந்தோம்.

வி. வி. ராபின், உமா ராமகிருஷ்ணன், சுஷ்மா ரெட்டி உள்ளிட்டோர் 2017இல் மரபணுச் சான்றுகளுடன் இவற்றுக்குப் புதிய பேரினம் ஒன்றை நிறுவினர். கிளையில் அமர்ந்து பூச்சி பிடிக்கும் நீல ஈப்பிடிப்பான்களே இவற்றின் நெருங்கிய சுற்றம் என்று தெரியவந்தது. அதே சோலையில் தலைக்கு மேலே அமர்ந்திருக்கும் நீலகிரி ஈப்பிடிப்பானும் அச்சுற்றத்தைச் சேர்ந்ததே! புதிய பேரினத்தின் பெயர் ஷோலிகோலா. 'சோலையில் வாழ்வது' என்று பொருள். நம் சோலை, லத்தீன் விகுதியோடு சேர்ந்து உலக அறிவியலின் ஏட்டில் ஏறிவிட்டது.

இதில் நாம் பெருமைப்படுவதைவிடக் கவலைப்படவே காரணம் மிகுதி. பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே ஒன்று, தெற்கே மற்றொன்று, செங்கோட்டைக் கணவாய்க்கும் தெற்கே அகத்தியமலைப் பகுதியில் வேறொன்று எனக் கணவாய்கள் இப்பறவைகளைப் பிரித்து வைத்திருக்கின்றன. தாழ்ந்த சமவெளியைக் கடந்து இவை ஒன்றையொன்று சேர்வதில்லை. ஆகவே ஒரு மலையின் சோலை அழிந்தால் பக்கத்து மலையிலிருந்து பறவை வந்து அவ்விடத்தை நிரப்பப்போவதில்லை. தேயிலையும் யூகலிப்டஸும் சீகை மரமும் எவ்வளவு சோலையை விழுங்கியிருக்கின்றன என்பதை நாம் அறிவோம். வகைப்பாடு என்பது, எதை இழந்தால் திரும்பப் பெற முடியாது என்று சொல்லும் கணக்கும்கூட.

பெயரைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆங்கிலப் பெயரை மொழிபெயர்த்துத் தமிழ்ப்பெயர் செய்யும் வழக்கம் நம்மிடம் உண்டு. இப்பறவையை முன்பு குட்டைச்சிறகு என்றும், பின்பு நீல ராபின் என்றும் பெயர்த்திருந்தால், அயலார் பிழையை இருமுறை சுமந்திருப்போம். இன்று ஆங்கிலப் பட்டியல்களிலேயே 'சோலகிளி' என்ற பெயர் வழங்குகிறது. மலையாளத்தில் கிளி எனில் எந்தச் சிறு பறவையும் ஆகும். தமிழ்ச் செவிக்கோ பச்சைக்கிளியே நினைவுக்கு வரும். சோலைக்குருவி என்றே நாம் சொல்லலாமே! சோலை என்ற சொல்லை உலகுக்குத் தந்தவர்கள், அச்சொல்லுக்குரிய காட்டையும் காத்துத் தர வேண்டாமா?