எடிட்டிங் அப்புறம், முதலில் தரையில் உட்காருங்கள்

புதிதாக கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "வீடியோ எடிட் செய்ய எந்த சாப்ட்வேர் நல்லது?" என்பதுதான். விண்டோஸ் 11-ல் கிளிப்சாம்ப் கூடவே வருகிறது. டாவின்சி ரிசால்வ் இலவசமாகவே கிடைக்கிறது. வீட்டு உபயோகத்திற்கு இவை தாராளம். ஆனால் யாரும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு: கேமராவை எந்த உயரத்தில் வைப்பது?

நானே இதைத் தாமதமாகத்தான் கற்றுக்கொண்டேன். ஸ்ரீவைகுண்டத்தில் எங்கள் ஆச்சி சொதிக்குத் தேங்காய் துருவுவதை மொபைலில் எடுத்தேன். ஆச்சி தரையில், நான் நின்றபடி. சினிமாக்காரர்கள் இதை ஹை ஆங்கிள் என்பார்கள். ஆளைச் சிறிதாக்கிக் காட்டும். ஆச்சி இறந்தபின் பைலைத் திறந்தால் பத்து நிமிடமும் தலை வகிடும் கைகளும்தான். முகம் இல்லை.

வெளிச்சம் குறைவா, கூட்டலாம். ஆட்டமா, குறைக்கலாம். 4கே அளவில் (3840 x 2160) எடுத்திருந்தால், அதில் கால் பகுதியை மட்டும் வெட்டி எடுத்தாலும் முழு எச்.டி. கிடைக்கும். அதாவது லாங் ஷாட்டிலிருந்து ஒரு மிட் ஷாட்டை உருவாக்கிவிடலாம். உயரத்தை மட்டும் மாற்ற முடியாது. பதிவாகாத முகம் பைலில் இல்லவே இல்லை. ஏ.ஐ. ஏதோ ஒரு முகத்தை வரைந்து தரும். அது எங்கள் ஆச்சியின் முகமல்ல.

'டோக்கியோ ஸ்டோரி' (1953) எடுத்த ஜப்பானிய இயக்குநர் யசுஜிரோ ஓசு, தரையில் உட்காரும் மனிதர்களைப் படமாக்க கேமராவையும் கீழே இறக்கினார். நம் வீடுகளுக்கும் அதுவே பொருந்தும். மாரி செல்வராஜின் 'பரியேறும் பெருமாள்' (2018) நம் நெல்லைக் கதை. அது முடியும்போது திரையில் இரண்டு டீ கிளாஸ்கள், நடுவில் ஒரு மல்லிகைப்பூ, அவ்வளவுதான். நம்மூர் கல்யாண வீடியோக்களிலோ பந்தலுக்கு மேல் டிரோன் சுற்றுகிறது. தாய்மாமன் முகத்திற்கு ஒரு குளோசப் கிடையாது. எனக்கு இது காசைக் கரியாக்கும் வேலையாகத்தான் படுகிறது.

குளோசப் வேண்டுமென்று மொபைலை முகத்தருகே நீட்டாதீர்கள். அதன் மெயின் லென்ஸ் வைடு லென்ஸ், மூக்கு பெரிதாகத் தெரியும். நாலடி தள்ளி உட்கார்ந்து, 2எக்ஸ் லென்ஸ் இருந்தால் அதைத் தொடுங்கள்.

போன பொங்கலுக்குத் தாத்தாவை எடுத்தபோது நானும் தரையில் உட்கார்ந்தேன். "ஏல, சேர் கெடக்குல்லா, அதுல உக்காரு" என்றார், நேராக லென்ஸைப் பார்த்து. அதை நான் எடிட் செய்யவில்லை.