நூறு ஆக்டேனும் மார்ச் 31-ஆம் தேதியும்

காமர்ஸ் படிக்கிற எல்லோருக்கும் 'விண்டோ டிரெஸ்ஸிங்' தெரியும். வருஷம் பூராவும் கல்லாவில் காசு இருக்காது. மார்ச் 31 நெருங்கும்போது எங்கேயாவது கடன் வாங்கி பேங்க் கணக்கில் போட்டுவிட்டு, "பாருங்க, எங்க கம்பெனியில் பணம் புரளுது" என்று பேலன்ஸ் ஷீட்டில் காட்டுவார்கள். ஏப்ரல் 2-ஆம் தேதி பணம் வந்த வழியே போய்விடும். தனித்தனியாகப் பார்த்தால் ஒரு என்ட்ரி கூடப் பொய் இல்லை. மொத்தமாகப் பார்த்தால் எல்லாமே பொய்.

இதையே இப்போது கார்ப் பிரியர்கள் செய்கிறார்கள். ரீமேப் செய்ய, அதாவது எஞ்சினை ஆட்டிவைக்கிற கம்ப்யூட்டரின் புரோகிராமை மாற்றி எழுத, நாள் குறித்தாகிவிட்டது. முந்தின நாள் 100 ஆக்டேன் விற்கிற பங்க்கைத் தேடிப்பிடித்து டேங்கை நிரப்புகிறார்கள். மறுநாள் டைனோ மெஷினில் வண்டியை ஏற்றி, இத்தனை குதிரைத்திறன் என்று ஒரு கிராஃப். அதை ஒரு போட்டோ. நாலு பேர் "செம மாமே". அடுத்த வாரத்திலிருந்து? வீட்டுப் பக்கத்து பங்க்கில் சாதா பெட்ரோல் தான்.

மார்ச் 31 முடிந்தது. ஏப்ரல் 2 வந்துவிட்டது. :-)

பி.காம் படிக்கிறவனுக்கு எஞ்சினில் என்ன வேலை என்று மெக்கானிக்கல் நண்பர்கள் அடிக்க வருவார்கள். வரட்டும். இது எஞ்சின் விஷயம் பாதி, கணக்கு விஷயம் பாதி. அந்த இரண்டாவது பாதியைத் தான் யாரும் பார்ப்பதில்லை.

முதலில் ஆக்டேன் என்றால் என்ன? பலர் நினைப்பது போல அது பெட்ரோலின் 'பவர்' இல்லை. பெட்ரோலின் பொறுமை. சிலிண்டருக்குள் பெட்ரோலும் காற்றும் கலந்து, பிஸ்டன் அதை அழுத்துகிறது. அழுத்த அழுத்தச் சூடு ஏறும். ஸ்பார்க் பிளக் பொறி வைத்த இடத்திலிருந்து தீ ஒழுங்காகப் பரவ வேண்டும். அது வந்து சேர்வதற்குள் மூலையில் மிச்சமிருக்கும் கலவை சூடு தாங்காமல் தானாகவே வெடித்துவிட்டால், அது தான் நாக்கிங். பிஸ்டன் தலையில் சுத்தியலால் அடிப்பது போல. அப்படி வெடிக்காமல் எவ்வளவு தாக்குப்பிடிக்கிறது என்பதற்கான மார்க் தான் ஆக்டேன் எண். ஐசோ ஆக்டேன் என்ற திரவத்துக்கு 100, ஹெப்டேனுக்கு 0. 95 என்றால், 95 பங்கு முதலாவதும் 5 பங்கு இரண்டாவதும் கலந்த கலவை எவ்வளவு தாங்குமோ அவ்வளவு தாங்கும் பெட்ரோல். அவ்வளவு தான்.

இந்தப் பொறுமையை வாங்குவதற்காக உலகம் கொடுத்த விலை கொஞ்சமல்ல. 1921-இல் ஜெனரல் மோட்டார்ஸில் வேலை பார்த்த தாமஸ் மிட்ஜ்லி, ஈயக் கலவையைச் சேர்த்தால் நாக்கிங் அடங்கும் என்று கண்டுபிடித்தார். ஈயம் நஞ்சு. தெரிந்தே பல பத்தாண்டுகள் கலந்தார்கள். இந்தியாவில் அதை ஒழிக்க 2000 ஆனது. ஈயம் பெட்ரோலின் சக்தியைக் கூட்டவில்லை. வெடிக்கிற அவசரத்தை மட்டும் அடக்கியது.

இன்னும் சந்தேகமா? எத்தனாலைப் பாருங்கள். அதன் ஆக்டேன் 108 பக்கம். ஆனால் ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் சக்தி ஒரு லிட்டர் பெட்ரோலை விட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு. 20 சதவீத எத்தனால் கலப்பு பற்றி நிதி ஆயோக் 2021-இல் வெளியிட்ட அறிக்கையே, அதற்கென வடிவமைக்காத பழைய கார்களில் மைலேஜ் 6 முதல் 7 சதவீதம் வரை குறையும் என்றது. ஆக்டேன் ஏறுகிறது, மைலேஜ் இறங்குகிறது. ஆக்டேனும் பவரும் ஒன்று என்றால் இது எப்படி நடக்கும், சொல்லுங்கள்?

சரி, விஷயத்துக்கு வருவோம். "அப்போ 100 ஆக்டேன் சும்மாவா?" சும்மா இல்லை. டர்போ வைத்த கார், சித்திரை வெயில், ஏசி ஓடுது, நாலு பேர் உட்கார்ந்து மலை ஏறுகிறீர்கள். நாக்கிங் வரப்பார்க்கிறது. நாக் சென்சார் அதைக் கேட்டுவிட்டு, பொறி வைக்கும் நேரத்தைப் பின்னுக்குத் தள்ளுகிறது. பிக்கப் மந்தமாகிறது. அங்கே நல்ல ஆக்டேன் போட்டால் இழந்தது திரும்பக் கிடைக்கும். புதிதாக எதுவும் கிடைக்காது. டர்போ இல்லாத சாதாரண குடும்பக் காரில் அதுவும் பெரிதாக இருக்காது. "எஞ்சினைச் சுத்தம் பண்ணும்" என்கிறார்களே, அது பெட்ரோலில் சேர்க்கும் டிடர்ஜெண்ட் செய்கிற வேலை, ஆக்டேன் செய்கிற வேலை அல்ல. ரீமேப்புக்கு முன்னால் நாலு டேங்க் 100 போட்டு எஞ்சினைப் 'பழக்க' வேண்டும் என்பது, பரீட்சைக்கு முந்தின நாள் புதுப்பேனா வாங்கினால் மார்க் வரும் என்பது மாதிரி.

உண்மையில் ஆக்டேனுக்கு வேலை வருவது ரீமேப்புக்குப் பிறகு தான். போலோ ஜிடி டிஎஸ்ஐ மாதிரி ஒரு டர்போ காரை எடுத்துக்கொள்ளுங்கள். ரீமேப்பில் டர்போவின் அழுத்தத்தைக் கூட்டுகிறார்கள், பொறியை முன்னால் தள்ளுகிறார்கள். இரண்டுமே நாக்கிங்கை விளிம்புக்குக் கொண்டுபோகும் வேலை. அந்த விளிம்பு எங்கே என்று தீர்மானிப்பது அன்றைக்கு டேங்கில் இருந்த பெட்ரோல். அதனால் ரீமேப்புக்கு முன் பெட்ரோலை மாற்றுவது தப்பே இல்லை. பழைய பெட்ரோல் தீர ஓட்டிவிட்டு, புதியதை நிரப்பி, அதில் தான் அளக்க வேண்டும். பாதி டேங்கில் 95 இருக்க, மேலே 100 ஊற்றினால் உங்களிடம் இருப்பது ஏறத்தாழ 97½ தான், 100 இல்லை. இதெல்லாம் சரி. ஆனால் எதை ஊற்றி அளக்கிறீர்களோ அதையே கடைசி வரை ஊற்ற வேண்டும். அங்கே தான் நம்மவர்கள் நழுவுகிறார்கள்.

இப்போது என் பாடத்துக்கு வருகிறேன். ரீமேப் செலவு மூலதனச் செலவு, ஒருமுறை கொடுத்தால் முடிந்தது. 100 ஆக்டேன் நடைமுறைச் செலவு, மாதாமாதம் வரும். எக்ஸ்பி100 2020 டிசம்பர் 1-ஆம் தேதி அறிமுகமானபோது டெல்லியில் லிட்டர் 160 ரூபாய். அன்று அங்கே சாதா பெட்ரோல் 82 ரூபாய் சொச்சம். அந்த அளவு கூட வேண்டாம், வித்தியாசம் 50 ரூபாய் என்றே வையுங்கள். மாதம் 1000 கிலோமீட்டர், லிட்டருக்கு 14 கிடைக்கிறது. மாதம் 70 லிட்டர் சொச்சம். மாதம் 3500 ரூபாய் கூடுதல். வருஷத்துக்கு 42,000. ஐந்து வருஷத்தில் 2,10,000. இந்தத் தொகையை ரீமேப் கொட்டேஷனில் யாராவது எழுதித் தந்தார்களா? தரமாட்டார்கள். கட்ட மனசு வராது என்று அவர்களுக்கும் தெரியும், நமக்கும் தெரியும்.

"மச்சி, அதான் நாக் சென்சார் இருக்கே, அது பார்த்துக்கும்" என்று வகுப்பில் ஒருவன் ஒவ்வொரு முறையும் சொல்வான். நாக் சென்சார் என்பது ஓவர்டிராஃப்ட். அவசரத்துக்கு. சம்பளத்துக்குப் பதிலாக ஓவர்டிராஃப்டில் குடும்பம் நடத்த முடியுமா? சென்சார் வேலை செய்வதே நாக்கிங் நடந்த பிறகு தான். அது பொறியைப் பின்னுக்குத் தள்ளினால், புகைபோக்கியில் போகும் சூடு ஏறும். அந்தச் சூடு டர்போவுக்கும் கேட்டலிடிக் கன்வர்ட்டருக்கும் போய்ச் சேரும். இதில் சில ரீமேப்புகளில் சென்சாரின் காதையே கொஞ்சம் மந்தமாக்கிவிடுகிறார்கள். பிறகு ஒரு நாள் பிஸ்டனில் ரிங் உட்காரும் விளிம்பு உடையும். வாரண்டி? ரீமேப் செய்த அன்றே அதைப் பணயம் வைத்தாகிவிட்டது.

இன்னொரு பொறி இருக்கிறது. இதைக் கட்டாயம் படியுங்கள். அமெரிக்காவில் பங்க்கில் எழுதியிருக்கும் எண்ணும் இங்கே எழுதியிருக்கும் எண்ணும் ஒன்றல்ல. நாம் பயன்படுத்துவது ஆர்ஓஎன் கணக்கு. அவர்கள் அதையும் இன்னும் கடுமையான எம்ஓஎன் சோதனையின் எண்ணையும் கூட்டி இரண்டால் வகுக்கிறார்கள். அதனால் ஒரே பெட்ரோலுக்கு அவர்கள் எண் நம் எண்ணை விட 4 அல்லது 5 குறைவாக இருக்கும். அவர்களுடைய 93 நமக்கு 98 பக்கம். இங்கே 2020-இல் பிஎஸ்-6 வந்தபோது சாதா பெட்ரோல் 91. 20 சதவீத எத்தனால் சேர்ந்த பிறகு 95 என்று 2025 ஆகஸ்டில் பெட்ரோலிய அமைச்சகம் சொன்னது. இப்போது ஒருவன் அமெரிக்கக் கணக்கில் '93' என்று எழுதிய மேப்பை வாங்குகிறான். "நம்ம ஊர்ல 95 இருக்கே, ரெண்டு கூடத்தானே" என்று சந்தோஷப்படுகிறான். கூட இல்லை அப்பனே, மூன்று குறைவு. டாலரையும் ரூபாயையும் மாற்றாமல் கூட்டிய கணக்கு அது.

ஆகவே மக்களே, நான் சொல்வது ஒன்றே ஒன்று. ரீமேப் செய்பவரிடம் "எவ்வளவு பவர் வரும்" என்று கேட்பதற்கு முன்னால், உங்களிடமே கேளுங்கள்: மாதக் கடைசியில், மணிபர்ஸ் காலியாக இருக்கும்போது, ராத்திரி பத்து மணிக்குப் பொள்ளாச்சி தாண்டி ஏதோ ஒரு பங்க்கில் நிற்கும்போது, என்ன பெட்ரோல் போடுவேன்? அந்தப் பெட்ரோலைத் தான் ரீமேப் நாளன்று டேங்கில் ஊற்ற வேண்டும். அதற்குத் தான் மேப் எழுதச் சொல்ல வேண்டும். எண் எந்த முறையில் சொல்லப்பட்டது என்று எழுதி வாங்க வேண்டும். கிராஃபில் பத்துக் குதிரை குறையும். குறையட்டும். இருக்கிற குதிரையாவது நிஜக் குதிரையாக இருக்கும்.

இல்லை, 100 தான் வேண்டும் என்றால் தாராளமாகப் போடுங்கள். ஆனால் கடைசி லிட்டர் வரை போடுங்கள். அதற்கு வசதி இருப்பவர்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. கொஞ்சம் பொறாமை மட்டும் உண்டு. பேலன்ஸ் ஷீட்டில் ஏமாற்றினால் ஆடிட்டர் வருவார், அவரிடம் பேசிப் பார்க்கலாம். எஞ்சினுக்குள் ஆடிட்டர் பிஸ்டன் தான். அதனிடம் பேச முடியாது.

டிஸ்கி: எனக்குச் சொந்தமாக இருப்பது ஒரு பழைய ஸ்கூட்டர். சாதா பெட்ரோல், நூறு ரூபாய்க்கு. ஆக்டேன் பற்றி அது இதுவரை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. :-)