பைபோலார்: மாத்திரை மட்டும் போதாது, ராசிங்காபுரத்துக்கு ரத்தப் பரிசோதனையும் பக்கத்துல வேணும்!

சில வாரம் தூக்கமே இல்லாத துள்ளல், கையை மீறிய செலவு. அப்புறம் எழுந்திருக்கக்கூட முடியாத சோர்வு. இதுதான் பைபோலார் எனும் இருதுருவ மனநிலைக் கோளாறு. மருந்தால் கட்டுக்குள் வைக்கலாம். ஆனா, எந்த மருந்துங்கிறதை நோய் மட்டுமல்ல, ஊரும் முடிவு செய்கிறது.

என்னென்ன மருந்துகள்?

லித்தியம்: 1949-ல் ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் இதன் பலனைப் பதிவு செய்தார். தற்கொலை அபாயத்தையும் குறைப்பதால் இன்றும் முன்வரிசை மருந்து.

வால்புரோயேட்: துள்ளலை அடக்கும். கருவைப் பாதிக்கும் என்பதால் குழந்தை பெறும் வயதுப் பெண்களுக்கு கூடுமானவரை தவிர்க்கப்படுகிறது.

ஓலன்சபின், குயிட்டியாபின்: வேகமாக வேலை செய்யும். எடையும் சர்க்கரையும் ஏறலாம்.

லாமோட்ரிஜின்: சோர்வு திரும்பாமல் தடுக்கும். தோலில் தடிப்பு வந்தால் உடனே மருத்துவரிடம் போகணும்.

லித்தியத்தில் என்ன சிக்கல்?

பலன் தரும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி குறைவு. ரத்தத்தில் லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை இருக்கணும். அதனால் சில மாதங்களுக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை கட்டாயம். சிறுநீரகம், தைராய்டையும் பார்க்கணும்.

ராசிங்காபுரம் போன்ற போடி வட்டார ஊர்களிலிருந்து ஏலத்தோட்டத்துக்கு ஜீப்பில் போகிறவரை யோசிச்சுப் பாருங்க. நாள் முழுக்கத் தண்ணி குடிக்காம வியர்க்க வேலை செய்தாலும், உடம்பு வலிக்கு டைக்லோஃபெனாக், ஐபுபுரோஃபென் போட்டாலும் ரத்தத்தில் லித்தியம் ஏறும். வாந்தி, பேதி, கை கடுமையாக நடுங்குவது, நடை தள்ளாடுவது எல்லாம் எச்சரிக்கை மணி. பரிசோதனைக்கு க.விலக்கு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை வரை போகணும்னா, மாத்திரை இலவசமா கிடைச்சாலும் ஒரு நாள் கூலி போச்சு. பரிசோதனை தள்ளிப்போகும், பயத்தில் மாத்திரையும் நிற்கும். திடீரென நிறுத்தினால் நோய் வேகமாகத் திரும்பும்.

என்ன செய்யணும்?

அத்தியாவசியப் பட்டியலில் உள்ள மனநல மருந்துகள் சமுதாய சுகாதார நிலையங்கள் முதல் இலவசமாகக் கிடைக்கணும் என்கிறது மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2017. 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' பிரஷர், சுகர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டு போகிறது. அதே வழியில், லித்தியம் எடுப்பவரின் ரத்த மாதிரியை ஊரிலேயே எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்ப முடியாதா என்ன? நல்ல மருந்து இருந்தும், பரிசோதனை தூரம்ங்கிறதுக்காக ஒருத்தர் அதை இழக்கக் கூடாது.

மருந்தை நீங்களாக நிறுத்தாதீங்க. சந்தேகம் இருந்தால் 'டெலி மானஸ்' உதவி எண் 14416-க்கு அழைக்கலாம், கட்டணம் இல்லை.